மலசலகூடம் ஒரு தொழிலாகுமா?





குடும்பமாகச் சேர்ந்து செய்யக்கூடிய தொழில்கள் என்றதும் தையல், சிற்றுண்டி, கோழி வளர்ப்பு, பாய் பின்னுதல் என்று ஒரு பட்டியல் நம் நாவில் வந்துவிடும். அவை நல்ல தொழில்கள்தாம். ஆனால், ஒவ்வொரு நகரத்திலும் தேவையிருந்தும் பேசுவதற்கே நாம் கூச்சப்படுகின்ற ஒரு தொழில் இருக்கிறது. பொது மலசலகூடம் நடத்துவதுதான் அது. முகம் சுளிக்காமல் முழுவதையும் வாசியுங்கள்.

தூரப் பயணம் புறப்படும் நாளில் நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? காலைத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறுகிறார்கள். வழியில் தொண்டை வறண்டாலும் தண்ணீர் குடிப்பதில்லை. பிள்ளைக்குக் கொடுப்பார்கள், தாம் குடிக்க மாட்டார்கள். காரணம் கேட்கத் தேவையில்லை. இறங்கும் இடத்தில் ஒதுங்குவதற்கு ஏற்ற இடம் இருக்காது. இருந்தாலும் உள்ளே கால் வைக்க முடியாது. தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குவதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழி திறப்பதாக வைத்தியர்கள் சொல்கிறார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கும் நீரிழிவு உள்ள முதியவர்களுக்கும் இது இன்னும் பெரிய சோதனை. லுஹரும் அஸரும் வழியில் கழிந்து போவதற்கும் இதுவே பல வேளை காரணமாகிறது.

இவர்களில் எத்தனை பேர் சுத்தமான ஓர் இடம் கிடைத்தால் முப்பது, நாற்பது ரூபாய் கொடுக்க மாட்டோம் என்பார்கள்? கொடுக்க மனம் இருக்கிறது. கொடுக்கத் தகுந்த இடம்தான் இல்லை. தேவையும் காசும் ஓரிடத்தில் இருந்தால் அங்கே தொழிலும் இருக்கும் என்பது வியாபாரிகளின் கணக்கு.

அண்மைக் காலமாக இதனோடு இன்னொரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. சூழலுக்கு இசைந்த மலசலகூடம் கட்டுங்கள், கழிவைப் பசளையாக்கி விற்கலாம், கழிவே தங்கம் என்கிறார்கள். இதில் எது உண்மை, எது மிகை? தொழில் தொடங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். மூன்று ஊர்களின் அனுபவத்தை வைத்துப் பார்ப்போம்.

பாட்னா: கட்டணம் காத்த கூடம்

இந்தியாவின் பீகார் மாநிலத்தில் பிந்தேஷ்வர் பதக் என்பவர் 1970 ஆம் ஆண்டு சுலப் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். அவர் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். மலத்தைக் கையால் அள்ளும் பெண் ஒருவரைச் சிறுவயதில் தொட்டுவிட்டதற்காகப் பாட்டியார் தம்மைத் தண்டித்ததை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். மனிதனின் கழிவை மனிதன் தலையில் சுமக்கும் கொடுமை ஒழிய வேண்டும் என்பதே அவரது வாழ்நாள் வேலையாயிற்று. 2009 இல் ஸ்டொக்ஹோம் நீர்ப் பரிசு பெற்ற அவர் 2023 ஓகஸ்ட் 15 ஆம் திகதி காலமானார்.

அவர் பரப்பிய வீட்டு மலசலகூடம் எளிமையானது. இரண்டு குழிகள் இருக்கும். ஒரு வாளித் தண்ணீர் தேவையில்லை. ஒன்றரை, இரண்டு லீற்றர் ஊற்றினால் போதும். ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழி இரண்டு வருடம் அளவில் ஓய்வெடுக்கும்போது உள்ளே இருப்பது மண் போன்ற பசளையாகி விடும். பவுசர் அழைக்க வேண்டியதுமில்லை, அள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியதுமில்லை.

நமது விடயத்துக்கு முக்கியமானது அவர் 1974 இல் பாட்னா நகரில் திறந்த கட்டணப் பொது மலசலகூடமாகும். மலசலகூடத்துக்குப் போக யார் காசு கொடுப்பார்கள் என்று அன்று பலர் சிரித்தார்கள். மக்கள் கொடுத்தார்கள். பிறகு அதே முறை இந்தியாவின் பஸ் நிலையங்களுக்கும் சந்தைகளுக்கும் பரவியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் கட்டடச் செலவு நகரசபையுடையது அல்லது அரசாங்கத்துடையது. சுலப் நீண்ட கால ஒப்பந்தத்தில், பல இடங்களில் முப்பது வருடத்துக்கு, பராமரிப்பை ஏற்றுக்கொள்ளும். வாங்கும் கட்டணம் பராமரிப்புக்கு. கூட்டம் அதிகமான இடத்தின் மிகுதி, சேரிப்பகுதியில் நட்டத்தில் நடக்கும் கூடத்தைத் தாங்கும். கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கெரிக்கும் ஏற்பாடும் பாட்னாவில் 1980களின் ஆரம்பத்திலேயே செய்யப்பட்டது. அது நல்ல பயன்தான். என்றாலும் கூடத்தை அரை நூற்றாண்டாக நிற்க வைத்தது வாயுவல்ல, வாசலில் வாங்கிய சில்லறைக் காசு.

நைரோபி: வாசலைப் பெரிதாக்கியவர்கள்

கென்யாவின் தலைநகரான நைரோபியில் சேரிகள் அதிகம். இரவில் வெளியே போகப் பயந்த மக்கள் பொலித்தீன் பையில் மலங்கழித்து எறிந்து வந்தார்கள். அதற்குப் “பறக்கும் மலசலகூடம்” என்றே பெயர் வைத்திருந்தார்கள். அங்கே டேவிட் குரியா என்ற கட்டடக் கலைஞர் 2006 இல் ஒரு கம்பனியைத் தொடங்கி, நகர நடுவில் “இக்கோ டொய்லட்” என்ற பெயரில் கூடங்களைக் கட்டினார். சுவாஹிலி மொழியில் “இக்கோ” என்றால் “இருக்கிறது” என்று பொருள். “மலசலகூடம் இருக்கிறது” என்பதே கடைப்பெயர்! அப்போது கட்டணம் ஐந்து ஷில்லிங். நகரசபையின் நிலம், கம்பனி கட்டி, சில வருடம் நடத்தி, பின்னர் சபைக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் செய்த புதுமை என்னவென்றால், வாசலோடு சேர்த்துச் சப்பாத்துத் துடைப்பவருக்கும் சிறு சிற்றுண்டிக் கடைக்கும் இடம் கொடுத்தார். மலசலகூடத்தின் பக்கத்திலே மனிதன் சாப்பிடுகிறான் என்றால் அது எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்! கடைகள் வாடகையும் தந்தன, சுத்தத்துக்குச் சாட்சியும் சொன்னன.

அதே நகரில் 2011 இல் சனர்ஜி என்ற நிறுவனம் “பிரெஷ் லைப்” என்ற சிறிய நீலக் கூடங்களை முகூரு சேரியில் வைக்கத் தொடங்கியது. அந்தச் சேரியில் வாழ்பவரே ஒரு கூடத்தை வாங்கி நடத்துவார். பெண்கள் பலரும் நடத்தினார்கள். கீழே மூடியுள்ள கொள்கலன்கள் இருக்கும். சிறுநீர் ஒன்றில், மலம் ஒன்றில். நிறுவனத்தின் ஆட்கள் ஒழுங்காக வந்து நிறைந்ததை எடுத்து வெற்றுக் கொள்கலனை வைத்துவிட்டுப் போவார்கள். சேர்ந்த கழிவு கூட்டெருவாகிறது. ஒரு வகை ஈயின் புழுக்களை அதில் வளர்த்துக் கால்நடைத் தீவனமும் செய்கிறார்கள்.

கேட்கும்போது கழிவே தங்கம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த நிறுவனம் கற்றுக்கொண்ட பாடம் வேறு. சேரியின் சந்துகளுக்குள் தள்ளுவண்டியில் கழிவு சேர்ப்பதற்கான செலவை, பசளை விற்ற காசு தாங்கவில்லை. அதனால் சேர்க்கும் பகுதியை இலாப நோக்கமற்ற சேவையாகவும், பசளை, தீவனப் பகுதியைக் கம்பனியாகவும் பிரித்து நடத்தினார்கள். வழியால் போகிறவரிடம் காசு வாங்கும் கூடங்களைவிட, வாடகை வீட்டு வளவுகளுக்குள் வீட்டுக்காரர் மாதக் கட்டணம் செலுத்தும் கூடங்களே பின்னர் அதிகமாயின.

முசிறி: காசு கொடுத்த கூடம்

மூன்றாவது, தமிழ்நாட்டில் காவிரிக்கரை ஊரான முசிறி. திருச்சி மாவட்டத்திலுள்ள இவ்வூரில் சுப்புராமன் என்பவரின் ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம் தண்ணீர் ஊற்றி அடிக்காத, உலர் முறைப் பொதுக் கூடம் ஒன்றை அமைத்தது. இவருக்கு இந்திய அரசு 2021 இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. கூடத்தைப் பாவிப்பவர்களுக்கு ஒரு சிறு தொகை கொடுக்கப்படுகிறது என்ற செய்தி 2008 ஆம் ஆண்டளவில் உலகப் பத்திரிகைகளில் வந்தது. நாம் காசு கொடுக்கும் இடத்தில் நமக்கே காசா என்று பலரும் வியந்தார்கள். சேர்ந்த சிறுநீர் வாழை முதலான பயிர்களில் பரிசோதிக்கப்பட்டது. ஆற்றங்கரையில் ஒதுங்கிப் பழகிய மக்களைக் கூடத்துக்குப் பழக்க அது நல்ல உபாயம். ஆனால் அது தொண்டு, தொழிலல்ல.

நமக்கு முசிறி வேறொரு விதத்தில் பெறுமதியானது. மேல்நாட்டு உலர் மலசலகூடங்கள் கடதாசி பாவிப்போருக்காகச் செய்யப்பட்டவை. தண்ணீரால் சுத்தம் செய்யும் நமக்கு அவை ஒத்துவராது. மலக்குழிக்குள் தண்ணீர் போனால் அது காயாது, நாறும், புழு வைக்கும். முசிறியில் மலத்துக்கு ஒரு துளை, சிறுநீருக்கு ஒரு வழி, கழுவும் தண்ணீருக்குத் தனியிடம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். மலத்தின் மேல் ஒரு கை சாம்பல் போட வேண்டும். கழுவும் தண்ணீர் செடிகள் வைத்த பாத்திக்குப் போகும். தண்ணீரால் இஸ்தின்ஜா செய்வோரும் உலர் முறையைக் கையாளலாம் என்பதற்கு இது சான்று.

பசளையில் எவ்வளவு, வாசலில் எவ்வளவு?

இனி நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரணத்துக்கான எண்கள்; உங்கள் ஊரின் விலைகளை இட்டுத் திருத்திக் கொள்ளுங்கள்.

ஒரு பஸ் தரிப்பிடத்தின் அருகே நாளொன்றுக்கு 400 பேர் வருகிறார்கள், கட்டணம் 30 ரூபாய் என்று வைப்போம். வரவு 12,000 ரூபாய். காலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை இரண்டு முறையாக, ஒவ்வொரு முறையிலும் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வேண்டும். நான்கு பேருக்குத் தலைக்கு 1,800 வீதம் 7,200. சவர்க்காரம், கிருமிநாசினி, தண்ணீர், மின்சாரம் 1,800. சபைக்குக் குத்தகை 1,000. உடையும் குழாய்க்கும் பூட்டுக்கும் ஒதுக்குவது 1,000. மொத்தச் செலவு 11,000. மிச்சம் 1,000 ரூபாய்.

இப்போது நூறு பேர் குறைந்தால் என்னவாகும்? வரவு 9,000, செலவு ஏறக்குறைய அதேதான். நாளுக்கு 2,000 ரூபாய் நட்டம். நூறு பேர் கூடினால்? வரவு 15,000; சவர்க்காரமும் தண்ணீரும் சற்றுக் கூடினாலும் கையில் 3,500 ரூபாய்க்கு மேல் நிற்கும். ஆக, இந்தத் தொழிலின் இலாபமும் நட்டமும் கடைசி நூறு பேரில்தான் இருக்கிறது.

அந்த நூறு பேர் யார்? ஆண்கள் எப்படியும் வந்துவிடுவார்கள். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் பெண்கள். காலையில் ஒரு தாய் உள்ளே போய் மூக்கைப் பொத்திக் கொண்டு வெளியே வந்தால், அவர் மட்டுமல்ல, கூட வந்த மகளும் மாமியும் மறுமுறை அந்தப் பக்கம் வரமாட்டார்கள். கதவுக் கொளுக்கி பூட்டாவிட்டாலும், வாசலில் இளைஞர் கூட்டம் நின்றாலும் அப்படியே. சுத்தமும் மானமும் இத்தொழிலில் அலங்காரமல்ல, மூலதனமாகும்.

பசளையின் பங்கு எவ்வளவு? ஒருவர் வருடம் முழுவதும் கழிக்கும் சிறுநீர் சுமார் 500 லீற்றர். அதில் மூன்று, நான்கு கிலோ நைதரசன் இருக்கிறது. நம் கூடத்துக்கு வரும் 400 பேரும் விட்டுச் செல்வது நாளொன்றுக்கு 100 லீற்றர் அளவு எனக் கொண்டால், அதிலுள்ள நைதரசன் ஒன்றரைக் கிலோ யூரியாவுக்குச் சமம். ஒன்றரைக் கிலோ யூரியா என்ன விலை? பசளைக் கடையில் கேட்டுப் பாருங்கள். சில நூறு ரூபாய்தான். அந்தச் சிறுநீரைச் சேர்க்கத் தொட்டி வேண்டும், தூக்க ஆள் வேண்டும், தோட்டத்துக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். கழிவு தங்கம் என்று சொல்பவர் வண்டிக் கூலியைச் சொல்ல மறந்துவிடுகிறார்.

அப்படியானால் சூழலுக்கு இசைந்த முறை வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அது வருமானம் தருவதற்காக அல்ல, செலவையும் தீங்கையும் குறைப்பதற்காக. ஒரு தடவைக்கு 9 லீற்றர் வீதம் தண்ணீர் அடித்தால் 400 பேருக்கு 3,600 லீற்றர். இரண்டு லீற்றர் ஊற்றும் முறையில் 800 லீற்றர். தண்ணீர்க் கட்டணமும் குறையும், குழி நிறையும் வேகமும் குறையும், பவுசருக்குக் கொடுக்கும் காசும் மிஞ்சும்.

அதைவிடப் பெரியது அயலவரின் கிணறு. கற்பிட்டி போன்ற மணற்பாங்கான இடங்களிலும் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் மேலே விடுவது விரைவாகக் கீழே இறங்கும். அளவு மிஞ்சிய பசளையும் மலக்குழிகளும் சேர்ந்து அங்குள்ள கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில் அது அதிகமானால் ஆபத்து. நம் தொழிலுக்காக இன்னொரு வீட்டுக் குழந்தையின் தண்ணீர் கெடுவதென்றால் அந்த இலாபத்தில் பரகத் ஏது?

மார்க்கம் என்ன சொல்கிறது?

நடைபாதையிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும், தண்ணீர்த் துறையிலும் மலசலம் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்துள்ளார்கள். ஆகவே, மக்கள் அவற்றை விட்டுத் தவிர்ந்திருக்க ஓர் இடம் அமைத்துக் கொடுப்பவர் நன்மையான காரியத்துக்கே உதவுகிறார். நல்ல நிய்யத்தோடு செய்தால் அது தொழில் மாத்திரமல்ல.

கட்டணம் வாங்குவது கூடுமா என்று சிலர் கேட்கலாம். முற்காலத்தில் ஹம்மாம் எனும் பொதுக் குளியலறைகள் இருந்தன. ஒருவர் கூடுதலாகத் தண்ணீர் பாவிப்பார், ஒருவர் குறைவாக. ஒருவர் நெடுநேரம் இருப்பார், ஒருவர் உடனே வருவார். அளவு தெரியாதிருந்தும், மக்களின் தேவை கருதி அந்தக் கட்டணத்தை உலமாக்கள் அனுமதித்தார்கள். இடத்துக்கும் தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் கொடுக்கும் கூலி அது. இதுவும் அவ்வாறானதே.

பசளை விற்பனை சற்று நுட்பமானது. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நஜீஸான பொருளை விற்பது செல்லாது. அதைப் பயிருக்கு இடலாம். விரும்பத்தக்கதல்ல என்று கூறினாலும் தடுக்கவில்லை. அதில் வளர்ந்த பயிரும் கனியும் நஜீஸாகாது. நஜீஸ் பட்ட வெளிப்பக்கத்தைக் கழுவினால் போதும். ஹனபி மத்ஹபில் மண்ணோடு கலந்த பின் அதை விற்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஷாபிஈ நூல்களிலும், விற்பனையாக அல்லாமல், தன் கைவசமுள்ளதை விட்டுக் கொடுப்பதற்காக ஒரு தொகை பெறுவது கூடும் என்ற தீர்வு உண்டு. நஜீஸை அகற்றுவதற்குக் கூலி வாங்குவதும் கூடும். எனவே தோட்டக்காரரிடம் “பசளை விலை” என்று பேசாமல், சேர்த்து, பக்குவப்படுத்தி, கொண்டுவந்து தரும் கூலியாகப் பேசி ஒப்பந்தம் செய்யலாம். எழுதுவதற்கு முன் உங்கள் ஊர் உலமாக்களிடம் அந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்டுக் கொள்ளுங்கள்.

“ஊரில தலை காட்ட ஏலுமா?”

மார்க்கம் தடுக்காததை ஊர்வாய் தடுக்கும். “கக்கூஸ் கழுவுற தொழிலா? ஊரில தலை காட்ட ஏலுமா? நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை தேடக்குள்ள என்ன சொல்லுவாங்க?” என்று உம்மாவும் மாமியும் கேட்பார்கள். அந்தக் கேள்வியை ஏளனம் செய்ய வேண்டாம். ஆனால் பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: நம் வீட்டு மலக்குழி நிறைந்த நாளில் வந்து சுத்தம் செய்தவரை எந்தக் கோப்பையில் தேநீர் கொடுத்து உபசரித்தோம்? வாசலுக்கு வெளியே, தனிக் கோப்பையில் அல்லவா? தொழில் கேவலமானதல்ல. செய்பவரை நாம் கேவலமாக நடத்துவதால்தான் நம் பிள்ளைகள் செய்தால் கேவலம் என்று தோன்றுகிறது.

முதலாளியாகி மேசையில் காசு வாங்குவது நாம், கழுவுவது ஓர் ஏழைப் பெண், அவருக்குக் கையுறையும் இல்லை, முழுச் சம்பளமும் இல்லை என்றால், பதக் எதிர்த்த அதே கொடுமையைத்தான் புதுக் கட்டடத்துக்குள் கொண்டு வருகிறோம். மேலே போட்ட கணக்கில் சம்பளமே பெரிய செலவு. அதைக் குறைத்து இலாபம் தேட மனம் தூண்டும். அப்படிக் குறைத்த நாளிலிருந்து தரை ஈரமாகவே கிடக்கும், பெண்கள் வராமல் போவார்கள், கடைசி நூறு பேரை இழப்பீர்கள். நீதி இங்கே வியாபாரத்துக்கும் நன்மையாகவே முடிகிறது.

தொடங்குவோர் கவனத்துக்கு

முதலாவது, இடம். நகரசபை அல்லது பிரதேச சபையின் அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்க வேண்டாம். பாட்னாவிலும் நைரோபியிலும் நிலம் சபையுடையது. ஏற்கனவே கட்டிப் பாழடைந்து கிடக்கும் கூடத்தைக் குத்தகைக்கு எடுத்துத் திருத்துவது, புதிதாகக் கட்டுவதைவிடப் பாரம் குறைந்தது. கட்டணத்தில் கட்டடச் செலவையும் மீட்கலாம் என்று கடன்பட்டு இறங்குவது ஆபத்து. வட்டிக் கடன் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இரண்டாவது, முறை. அவசரமாக வந்து போகும் பஸ் தரிப்பிடக் கூட்டத்துக்கு மூன்று துளை உலர் முறையைப் பழக்குவது கடினம். ஒருவர் தவறாகத் தண்ணீர் ஊற்றினாலும் எல்லோருக்கும் நாற்றம். அங்கே குறைந்த தண்ணீர் ஊற்றும் முறையும், கூட்டத்தின் அளவுக்கேற்ற தொட்டியும் பொருத்தம். வீட்டுக்குரிய இரட்டைக் குழி அந்தப் பாரத்தைத் தாங்காது. ஒரே ஆட்கள் தினமும் பாவிக்கும் இடங்களில், அதாவது மத்ரஸா, தொழிற்கூடம், வீட்டுத் தொகுதி போன்றவற்றில், தண்ணீர் மட்டம் உயர்ந்த நிலமாயின் நிலத்துக்கு மேல் எழுப்பிய உலர் முறை நல்ல பலன் தரும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பது அடியாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து நிலத்தைக் காட்டிக் கேளுங்கள்.

மூன்றாவது, பெண்கள் பகுதி. தனி வாசல், தலைக்கு மேல் வரை கதவு, உள்ளே உறுதியான கொளுக்கி, அபாயா மாட்ட ஓர் ஆணி, பை வைக்க ஒரு தட்டு, எரியும் விளக்கு, இஸ்தின்ஜாவுக்குக் குழாய், மாதவிடாய்த் துணி போட மூடியுள்ள வாளி, குழந்தையைக் கிடத்தி உடை மாற்ற ஒரு பலகை. வுழூ செய்ய மறைவான ஓரிடமும் இருந்தால் நீங்கள் விளம்பரம் செய்யத் தேவையில்லை. பெண்களே சொல்லிக் கொள்வார்கள். ஆண்களுக்கு நான்கு அறை என்றால் பெண்களுக்கு ஆறு வையுங்கள். பெண்களுக்கு நேரம் கூடுதலாகத் தேவை. பிள்ளைகளும் அவர்களோடுதான் வருகிறார்கள்.

நான்காவது, வாசல். கட்டணத்தைப் பெரிதாக எழுதி வையுங்கள். பேரம் பேசும் இடமாக இருக்கக்கூடாது. கையில் காசில்லாத முதியவரையும் கர்ப்பிணியையும் திருப்பி அனுப்ப வேண்டாம். இடமிருந்தால் ஒரு சிறு கடையை வாசலோடு சேருங்கள். தண்ணீர்ப் போத்தல், கைக்குட்டை, குழந்தை உள்ளாடை, தொலைபேசி ரீலோட் எதுவானாலும் அது இரண்டாவது வருமானம்.

ஐந்தாவது, பசளை. உலர் முறையில் சேரும் சிறுநீரை மூடிய தொட்டியில் வைக்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2006 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பலரிடமிருந்து சேர்ந்த சிறுநீரை, 20 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஆறு மாதம் வைத்த பிறகே எந்தப் பயிருக்கும் இடலாம். மலத்தைச் சாம்பலிட்டு மூடி, நம் வெப்பநிலையில் ஒரு வருடத்துக்கு மேல் வைப்பது பாதுகாப்பு. குடற்புழுவின் முட்டைகள் இலகுவில் சாவதில்லை. கீரைப் பாத்திக்கு வேண்டாம். தென்னைக்கும் வாழைக்கும் மண்ணுக்குள் புதைத்து இடுவது நல்லது. 2021 இல் இரசாயனப் பசளையைத் திடீரென நிறுத்தியபோது நம் விவசாயிகள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். வளவில் நிற்கும் பத்துத் தென்னைக்குப் பசளை வீட்டிலேயே கிடைப்பது ஒரு பலம்தான். அதைப் பலமாக எண்ணுங்கள், வருமானமாக எண்ண வேண்டாம்.

கடைசியாக ஒன்று. தீர்மானிக்கு முன், நீங்கள் நினைத்திருக்கும் இடத்துக்குக் கணவரோடோ மகனோடோ ஒரு முழு நாள் போய் உட்காருங்கள். கையில் ஒரு கொப்பியும் பேனையும் இருக்கட்டும். இருக்கும் கூடத்துக்குள் போகும் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று கோடு போடுங்கள். வாசல் வரை வந்து திரும்பிப் போகும் பெண்களுக்கு வேறு பக்கத்தில் கோடு போடுங்கள். சந்தை நாளில் ஒரு தடவையும், சாதாரண நாளில் ஒரு தடவையும் இப்படிச் செய்தால், இத்தொழில் உங்கள் ஊருக்குக் கட்டுப்படியாகுமா என்பதை அந்தக் கொப்பியே சொல்லிவிடும். திரும்பிப் போனவர்களின் பக்கம் நிறைந்திருந்தால், உங்களுக்காக வாடிக்கையாளர்கள் ஏற்கனவே காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஹலாலான சம்பாத்தியத்தையும், அதனால் பிறருக்கு நிம்மதியையும் தர வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக!